ராசியான ஆயில்

“லாரிக்கு ஊத்துற ஆயில கொண்டாந்து ஸ்கூட்டர்ல ஊத்தினா, அது இன்னா அண்ணாத்தே பண்ணும்? பீடிதான் புடிக்கும்!”

கரையான்சாவடி மெக்கானிக் கோதண்டம் சிரித்த சிரிப்பில் உத்தமனுக்கு மானமே போயிற்று. வருஷக்கணக்கில் காத்துக் கிடந்து வாங்கிய ஸ்கூட்டர். அது விடுகிற புகையில் ஆவடி குவார்ட்டர்ஸே இருமியது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் புகை கிளம்பினாலே, உத்தமன் வீடு திரும்புகிறான் என்று ஊருக்கே தெரிந்துவிடும். இன்றைக்கு ஃபாக்டரி ஃபோர்மேன் கூப்பிட்டு, “நாளையிலேர்ந்து அந்த அடுப்பை கேட்டுக்கு வெளியே நிறுத்துய்யா” என்று வேறு சொல்லிவிட்டார்.

“எங்க மாமா லாரி ஷெட்டு வெச்சிகீறாருப்பா. அம்மாதான் டின்னு டின்னா ஓசியில வாங்கியாந்து வெக்குது.”

“ஓசின்னா சோத்துல ஊத்தி சாப்புடுவியா? பெட்ரோல்ல கலக்குறதுக்குன்னே தனி ஆயில் கீது. அதையும் அளவாத்தான் ஊத்தணும். நீ இன்னாடான்னா, கொழம்பு தாளிக்கிற மாதிரி கைக்கு வந்ததை ஊத்திகினு கீறே!”

“மாத்தலாம்னா ஊட்டுல உட மாட்டேன்றாங்களே!”

அதுதான் கூத்து. அம்மா ஞானம்மாளுக்கும் பெண்டாட்டி சுசீலாவுக்கும் ஏழாம் பொருத்தம். சாயந்திரம் உத்தமன் வாசலில் கால் வைக்கும்போதே ஒருத்தி கிழக்கே பார்த்து அழுவாள், இன்னொருத்தி மேற்கே பார்த்து மூக்கைச் சிந்துவாள். சுசீலாவைச் சமாதானம் பண்ண சனிக்கிழமை ஒரு சினிமா, அம்மாவைச் சமாதானம் பண்ண ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சினிமா என்று பாவம், மனுஷன் ஓய்ந்துபோனான். அப்பேர்ப்பட்ட இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம், ஆயிலை மாற்றக் கூடாது என்பதுதான்!

“ராசியான ஆயில் நைனா” என்பாள் அம்மா. “அத்தே சொல்றது சரிதாங்க” என்பாள் சுசீலா.

“யார் இன்னா சொன்னாலும் சரி, மாத்திடு கோதண்டம்!” என்றான் உத்தமன் வீறாப்பாக.

கோதண்டம் டாங்க்கைக் காலி பண்ணி, பிளக்கையும் சைலன்சரையும் சுத்தம் செய்து, சரியான ஆயிலைச் சரியான அளவில் கலந்து ஊற்றினான். அட, என்ன அதிசயம்! வழி நெடுக உத்தமன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பொட்டுப் புகை இல்லை. அந்தச் சந்தோஷத்தில் வீட்டுச் சண்டையையும் இன்றோடு தீர்த்துவிடுவது என்று, ஆளுக்கொன்றாக இரண்டு பொட்டலம் அல்வா வாங்கிக்கொண்டான்.

வாசலில் வண்டியை நிறுத்திக் கதவருகே போனான். உள்ளே சிரிப்புச் சத்தம். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். அம்மா சுசீலாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சுசீலா வடையைப் பிட்டு அம்மாவின் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“ஸ்கூட்டர் சத்தம் கேட்டுச்சே அத்தே?”

“மைதானத்துப் பக்கம் பாரு, பொகை தெரியுதா?”

“இல்லியே.”

“அப்போ அது பக்கத்து ஊட்டு சண்முகசுந்தரமா இருக்கும், நீ குந்து. பொகை தெரிஞ்சதும் நீ கெழக்கே திரும்பிக்கோ, நான் மேக்கே திரும்பிக்கிறேன். நாம ஒத்துமையா கீறோம்னு தெரிஞ்சா, அப்புறம் யாரைச் சமாதானம் பண்ண அவன் வாராவாரம் சினிமாவுக்கு இட்டுக்கினு போவான்!”