குளமா, சூளையா?

"குளமாவது குட்டையாவது! இங்க இருந்தது செங்கல் சூளை. தெரியாட்டி விட்டுடும்மா."

வழிகாட்டிப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. குடையை ஊன்றிக்கொண்டு முன்வரிசையில் நின்ற வழுக்கைத்தலைக்காரர், நடை கிளம்பியதிலிருந்தே இப்படித்தான் குறுக்குச்சால் ஓட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தோடு கூட்டமாக வந்த நகராட்சி அதிகாரிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஞாயிறுதோறும் பேட்டையின் பழங்கதை சொல்லிப் பூங்காவைச் சுற்றிக் காட்டும் இந்த நடையைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று இன்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நிறுத்தினால் அவளுக்கு வேலை போய்விடும். பழங்கதையை யார் காதுகொடுத்துக் கேட்கப்போகிறார்கள் என்று பாதி முடிவோடுதான் அவரும் வந்திருந்தார்.

ஆனால் யாரும் கொட்டாவி விடவில்லை. நீலச் சட்டைக்காரர் ஒருவர் சூளைக் கட்சியில் சேர்ந்தார். இரண்டு பெண்கள் குளத்தின் பக்கம் நின்று, முதலில் அவளைப் பேசவிடுங்கள் என்று வழுக்கைத்தலையரை அதட்டினார்கள். அவரோ எதிர்வரிசை வீடுகளின் சிவப்புச் சுவர்களைக் குடையால் காட்டி, அத்தனை செங்கல்லும் வானத்திலிருந்தா விழுந்தது என்று மடக்கினார்.

அவள் நிதானமாகக் கேட்டாள். "சரி சார், சூளைன்னே வச்சுக்குவோம். அதுக்கு மண்ணை எங்க தோண்டினாங்க?"

அவர் குடையை இறக்கிச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இங்கதான். அந்த வீடுங்க எழும்ப எழும்ப இங்க பள்ளம். பள்ளத்துல மழைத்தண்ணி நின்னு குளம். அதைப் பாதி தூர்த்துப் பூங்கா. இல்லேன்னா தெருவுலேருந்து ஏன் சார் படியிறங்கி வர்றோம்?"

எல்லோரும் திரும்பிப் படிகளைப் பார்த்தார்கள். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. தினமும் அதே படியில் இறங்கி நடைப்பயிற்சிக்கு வரும் அதிகாரிக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்த வாரமும் வருவதாகப் பாதிப் பேர் அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். வழுக்கைத்தலையர் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மெல்ல நழுவினார்.

நடை தொடரும் என்ற நல்ல சேதியைத் தானே சொல்லிவிடலாமென்று அதிகாரி அவளைத் தேடிப் போனார். பின்வாசல் பெஞ்சுப் பக்கமிருந்து அவள் குரல் கேட்டது.

"ஏங்க, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல வீட்டுல ஒரு நாளாவது என்னை எதிர்த்து வாயைத் திறந்திருக்கீங்களா? இங்க மட்டும் என்னா போடு போடறீங்க!"

அவள் நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு வழுக்கைத்தலையர் சொன்னார்: "அதுக்குத்தானே வாராவாரம் தவறாம வர்றேன்."