கறுப்பு வட்டங்கள்

அம்மாவையும் என்னையும் தவிர எல்லோரும் படுத்துவிட்டார்கள். ஜாம் போத்தல் விளக்கின் புகை கொப்பித் தாளில் படிகிறது. லண்டனில் புற்றுநோய் மரபணுக்களை ஆராயும் அண்ணை, கிளாலிக் கடலேரியைக் கடந்து படகில் வந்த கடிதத்தில், எங்கள் வம்சத்தை வரைந்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். பெண்களுக்கு வட்டம், அந்த நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு. உடற்கலங்களை அளவோடு பெருகச் சொல்லும் மரபணுவின் கட்டளையை ஆர்.என்.ஏ. எங்கள் பெண்களில் பிழையாகக் கொண்டுபோகிறதோ என்று தேடுகிறாராம். இறந்துபோன பெரியம்மாவின் வட்டத்தைக் கறுப்பாக்கப் போகிறேன். அம்மா என் கையைப் பிடிக்கிறார்.

"அதை வெறுமையா விடு பிள்ளை. அவவின்ரை மகளுக்குக் கலியாணம் பேசுகினம். ஊருக்கு நெஞ்சுவருத்தம் எண்டுதானே சொன்னனாங்கள்."

"அண்ணைக்கும் பொய்யே அம்மா?"

தூரத்தில் ஷெல் விழுந்து யன்னல் அதிர்கிறது. இருவரும் நிமிரவில்லை. அம்மா பென்சிலை வாங்கி, பெரியம்மாவின் வட்டத்தைத் தானே கறுப்பாக்குகிறார். பிறகு பக்கத்தில் இருக்கும் தன்னுடைய வட்டத்தையும், விளிம்பு தாண்டாமல், மெதுவாக நிரப்புகிறார்.

"அப்பாட்டைச் சொல்லிப்போடாதை."

அதற்குக் கீழே என் வட்டம் வெள்ளையாக இருக்கிறது. அதில் படிந்த விளக்குப்புகையை விரலால் துடைக்கிறேன். துடைக்கத் துடைக்க அது பரவுகிறது.