வேர் பிடிக்காத மேடு

பிடுங்கிப் போடப்பட்டிருந்த புங்கங்கன்றை மடியில் போட்டுக்கொண்டு சித்தம்மா அழுதாள். "பாவமுங்கம்மா, நேத்துத்தானுங்க துளிரு விட்டுது."

வத்ஸலாவுக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. சரிவு முழுக்கக் கன்றுகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஆடு கடித்த அடையாளம் இல்லை. யாரோ கையால்தான் பிடுங்கியிருக்கிறார்கள்.

மைசூருக்குத் தெற்கே கைவிடப்பட்ட வெள்ளைக்கல் சுரங்கம் அது. ஒருநாள் கழிவு மண் மேடு அப்படியே குழிக்குள் சரிந்தது. ஒரு உயிரும் போகவில்லை என்று முதலாளி அடித்துச் சொல்ல, சுரங்கத்தை மூடியதோடு சரி. சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்த அந்தச் சரிவில் புல்கூட முளைக்கவில்லை.

அங்கே ஏரி வண்டலைக் கொட்டி மரம் வளர்க்கும் பொறுப்பு வத்ஸலாவுடையது. தண்ணீர் ஊற்ற வந்தவள் சித்தம்மா. கொள்ளேகால் பக்கத்திலிருந்து புருஷனோடு சுரங்க வேலைக்கு வந்து, சுரங்கம் மூடிய பிறகும் ஊர் திரும்பாதவள்.

"உன் வீட்டுக்காரர் எங்கே?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "வருவாருங்க" என்றாள். நெற்றியில் குங்குமம் பளிச்சென்று இருந்தது. வெளியூரில் வேலை போலிருக்கிறது என்று வத்ஸலா விட்டுவிட்டாள்.

சித்தம்மா ஓயாமல் கேட்பது ஒன்றுதான். "மரம் வரலீன்னா இங்க மறுபடியும் தோண்டுவாங்களாங்கம்மா?"

"நான் இருக்கற வரைக்கும் விடமாட்டேன். பயப்படாதே."

சொல்லிவிட்டாளே தவிர, வத்ஸலாவுக்கே நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. மேலதிகாரி திருநாராயணன் எப்போதோ கைகழுவிவிட்டார். "இந்த மழைக்கும் கன்னு பிடிக்கலேன்னா திட்டத்தை மூடிடுவா, வத்ஸலா. பழைய முதலாளியே குத்தகைக்குக் கேட்டுண்டு நிக்கறான்."

ஞாயிற்றுக்கிழமை அங்கே யாருக்கும் வேலையில்லை. பிடுங்குகிறவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடும் எண்ணத்தில் வத்ஸலா தனியே பஸ் ஏறி வந்தாள். மூச்சு வாங்க மேலே ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சரிவில் சித்தம்மா குனிந்திருந்தாள். ஒரு கையால் கன்றின் இலையைத் தடவினாள். மறு கையால் பிடுங்கினாள். முகமெல்லாம் கண்ணீர்.

"சித்தம்மா! நீயா?"

அவள் ஓடவில்லை. முந்தானையால் முகத்தைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை.

"யார் சொல்லி இதைப் பண்றே? அந்த முதலாளியா?"

"அவனா? எங்கூட்டுக்காரரு என்னைய விட்டுட்டு ஓடிப்போயிட்டாருன்னு ஊரெல்லாம் சொன்னவனுங்க அவன். அவன் மூஞ்சியில முழிப்பனுங்களா நானு?"

"பின்னே ஏன்? நீ தண்ணி ஊத்தின கன்னு இது. இதெல்லாம் செத்துப்போச்சுன்னா இங்கே மறுபடியும் தோண்ட ஆரம்பிச்சுடுவாங்க. தெரியுமா, தெரியாதா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா பிடுங்கறே?"

சித்தம்மா கன்றை ஓரமாக வைத்தாள். குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் அந்த வெள்ளை மண்ணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"தோண்டுனாத்தானுங்கம்மா எங்கூட்டுக்காரரை வெளிய எடுப்பாங்க."