மடக்கு மேசை கேட்ட சத்தம்

இரண்டு கைகளையும் விரித்தபடியே கடலைத் தாண்டுவான். ஒருமுறைகூடக் கையை அசைக்க மாட்டான். யார், சொல்லுங்கள்?

விமானம்தான். அதில் ஓர் இருக்கையின் முதுகில் இருந்த மடக்கு மேசைக்கு, குழந்தைகள் தன்மேல் படம் வரைய வேண்டும் என்று கொள்ளை ஆசை. வந்தவர்கள் எல்லாம் இரண்டு கோடு போட்டதும் நிறுத்திவிடுவார்கள்.

“இந்த இன்ஜின் போடுகிற கூச்சலில் பிள்ளைகள் எப்படி வரையும்?” என்று மேசை பொருமும்.

ஒருநாள் பழைய இன்ஜின்களைக் கழற்றி, சத்தம் குறைந்த புதியவற்றை மாட்டினார்கள். அடுத்த பயணத்தில் ஒரு சிறுமி மேசையை விரித்து யானை வரையத் தொடங்கினாள்.

கிறீச்! கிறீச்!

“ஐயையோ, யாருடா அது?” என்று அலறியது மேசை.

“நீதான்டா ஆடுற! இத்தனை நாளா இன்ஜின் சத்தத்துல உனக்குக் கேக்கல,” என்றது ஜன்னல்.

“நானா?” என்றது மேசை.

சிறுமி மேசையை மடித்துவிட்டு, மடியில் வைத்து வரைந்தாள்.