கணவரின் சம்மதம்

இரண்டு மணி நேரமாக ஓர் ஆணின் வயிற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் இரண்டாவது டீயையும் முடித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவில் டாக்டரோ வக்கீலோ அல்லாத ஓர் ஆள் இருந்தாக வேண்டும் என்பது விதி. அந்த ஓர் ஆள் அவள். முப்பது வருஷம் சத்துணவுக்கூடம் நடத்தியவள். உலை கொதிக்கிற சத்தத்திலேயே அரிசி வெந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள்.

இன்றைக்குச் சத்தம்தான் அதிகம். எதுவும் வெந்தபாடில்லை.

விஷயம் இதுதான். தவசி என்று ஒருவன். முப்பத்தாறு வயது, டைல்ஸ் ஒட்டுகிற வேலை. மனைவிக்கு இதயக் கோளாறு. பிள்ளை உண்டானால் உயிர் தங்காது. 'அவளால முடியாதுன்னா நான் சுமக்கிறேன்' என்று வந்து நிற்கிறான். அவனுடைய அக்கா பாண்டீஸ்வரி தன் கர்ப்பப்பையைத் தருகிறாள். முடியும் என்கிறார் பெரிய டாக்டர். இந்தக் குழு சரி என்றால்தான் அவர் கத்தியைத் தொடலாம்.

ஓர் ஆண் கர்ப்பம் தரிக்கலாமா என்றார் ஒருவர்.

இயற்கைக்கு விரோதமில்லையா என்றார் இன்னொருவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டுதான் கேட்டார். அதை எந்த இயற்கை தந்ததாம் என்று அவளுக்கு வாய்வரைக்கும் வந்தது.

பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயருக்கு நேராக யாரை எழுதுவது என்று வக்கீல் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

நாற்பத்திரண்டு பக்கம். அத்தனையும் தவசியைப் பற்றி.

அக்காவைப் பற்றி ஒரே பக்கம்.

வயது நாற்பத்தைந்து. குழந்தைகள் இரண்டு. கணவரின் சம்மதம்: உண்டு. கீழே கணவரின் கையெழுத்து.

அந்த இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

இருபத்தொன்பது வயதில் அவளுக்கும் ஒரு தாள் இருந்தது. அடிவயிற்றில் வலி என்று போனாள். எடுத்துவிட்டால் நிம்மதி என்றார்கள். கணவன் கைநாட்டு வைத்தான். கண் விழித்தபோது கர்ப்பப்பை இல்லை. வெறும் புண்தானாம். மாத்திரையிலேயே ஆறியிருக்குமாம்.

அதற்கு எந்தக் குழுவும் கூடவில்லை. யாரும் டீ குடிக்கவில்லை.



"அந்தப் பாண்டீஸ்வரிப் புள்ள வெளியதான உக்காந்திருக்கு? நான் பாத்துட்டு வந்துதான் கையெழுத்துப் போடுவேன்" என்று எழுந்தாள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

நடந்துகொண்டே முடிவு கட்டிவிட்டாள். தம்பி அழுதிருப்பான். புருஷன் அதட்டியிருப்பான். காலங்காலமாக நடக்கிற கூத்துதானே. இவளையாவது காப்பாற்றிவிட வேண்டும்.

பாண்டீஸ்வரி பெஞ்சில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்திருந்தாள். நல்ல பசி போலிருக்கிறது.

"தாயி, பயப்படாமச் சொல்லு. உன் வீட்டுக்காரரு சொல்லித்தான் குடுக்கிறியா?"

பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பில் புரையேறியது.

"அவரா? குடுத்தா உன்னத் தலமுழுகிருவேன்னு நிக்கிறாரும்மா. ஊரு சிரிக்குமாம். நானே சுமந்து தர்றேன்னுதான் மொதல்ல கேட்டேன். அதுக்கு வயசு தாண்டிருச்சுன்னாங்க. சரி, கர்ப்பப்பையவாச்சும் எடுத்துக்கங்கன்னேன். எனக்கு ரெண்டு பெத்தாச்சு. இனி அது சும்மாதான கெடக்கு."

"அப்ப அந்தக் கையெழுத்து?"

பாண்டீஸ்வரி விரலில் ஒட்டிய சட்னியை நக்கிக்கொண்டாள்.

"நாந்தான் போட்டேன். புள்ளைக மார்க் அட்டையிலருந்து கேஸ் சிலிண்டர் புக்கு வரைக்கும் அவருக்கும் சேத்து நாந்தான போடுறேன். இதுக்கு மட்டும் அவரத் தேடிப் போகணுமாக்கும்?"

சொல்லிவிட்டு அடுத்த இட்லியைப் பிட்டாள். எத்தனை பெரிய காரியத்தைச் செய்தோம் என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

இவளுக்குத்தான் தெரிந்தது. கள்ளக் கையெழுத்து. உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாற்பத்திரண்டு பக்கமும் குப்பைக்குப் போகும். தவசியின் பிள்ளைக் கனவும் அதோடு சரி. சொல்லத்தான் வேண்டும். அதற்குத்தான் அவளுக்கு அங்கே நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

"ரொம்ப வலிக்கும் தாயி."

"தெரியும். டாக்டரம்மா படம் போட்டே காட்டுச்சு. உசுரு போனாலும் போகலாம்னுச்சு."

"அப்புறமும் குடுக்கிறியா?"

"என் இடுப்புலயே வளந்தவன்மா அவன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க எதுவுமில்லை.

காப்பாற்ற வந்தவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. பாண்டீஸ்வரியின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பினாள்.

அவள் உள்ளே வந்ததும் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"கணவர் சம்மதம் எல்லாம் சரியா இருக்காம்மா?" என்றார் தலைவர்.

அவள் உட்கார்ந்தாள். அந்த ஒற்றைப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பேனாவைத் திறந்தாள்.

'கணவரின் சம்மதம்' என்ற வரியையும் கீழே இருந்த கையெழுத்தையும் சேர்த்து, குறுக்கே ஒரே கோடாக அடித்தாள்.

"குடுக்கிறவ சம்மதம் போதும்" என்றாள்.

வக்கீலுக்குத்தான் முதலில் குரல் வந்தது. "அடிச்சா... அடிச்சா பக்கத்துல கையெழுத்துப் போடணும்."

போட்டாள். சுருக்கி அல்ல, முழுப் பெயரையும், நிறுத்தி நிதானமாக.

பிறகு பேனாவை மூடாமலே அடுத்த நாற்காலியை நோக்கி நீட்டினாள்.