நாலரை மணி வரைக்கும்

"டாக்டரம்மா, மணி மூணு ஆயிட்டு. இன்னைக்கு செவ்வாக்கெழம. இனி நாலரை வரைக்கும் ராகு காலம். அதுக்குள்ள எனக்கு ஆப்பரேஷன் தொடங்கப் பிடாது, சொல்லிட்டேன்!"

படுத்த வாக்கிலேயே இசக்கியப்பன் போட்ட சத்தத்தில் நர்ஸ் ரீபா திடுக்கிட்டுத் திரும்பினாள். சுவர்க் கடிகாரத்தில் சரியாக மூன்று மணி.

"ராகு காலத்துல தொடங்க மாட்டேன் அண்ணாச்சி. சத்தியம்" என்றார் டாக்டர் விஜயஸ்ரீ.

"நீங்க நம்ம ஊர்ப்பக்கத்துக்காரங்க. சொன்ன சொல்லு மாற மாட்டீங்கன்னு நம்புதேன்."

கொற்கைப் பக்கம் வாழை போட்டிருக்கும் இசக்கியப்பனுக்கு எழுபத்து மூன்று வயது. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கும் வால்வு, சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது. நாலு எட்டு வைத்தாலே மூச்சு முட்டியது. போன மாதம் தண்ணீர் திருப்பப் போனவர் வரப்பிலேயே மயங்கி விழுந்தார். வால்வை மாற்றாவிட்டால் அடுத்த வாழைத்தார் வெட்டுக்கு நீங்கள் இருப்பது சந்தேகம் என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்.

பிழைத்துக் கிடக்க ஆசைதான். ஆனால் பயம் அந்த ஆசையை ஏறி மிதித்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால், இதே வால்வுக்காக, அவருடைய அண்ணன் பேச்சிமுத்துவுக்கு எங்கோ வெளியூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்தார்கள்.

"எங்கண்ணன உள்ள தள்ளிக்கிட்டுப் போகும்போது மணி மூணே கால். அன்னைக்கும் செவ்வாக்கெழம. கொஞ்சம் பொறுத்துச் செய்யுங்கன்னு கெஞ்சினேன். ஒருத்தரும் கேக்கல. வெள்ளத் துணியில சுத்தித்தான் திருப்பிக் குடுத்தாவ." அண்ணன் என்றால் அவருக்கு உயிர்.

"அவங்களுக்குக் கிட்னியும் பழுதாயிருந்திச்சு, சர்க்கரையும் ஏறிக் கெடந்திச்சுன்னு உங்க மகன் சொன்னாரே."

"அதெல்லாம் இருந்திச்சு. கூட ராகுவும் இருந்தாம்லா?"

டாக்டர் எதிரே இருந்த திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

போன மாதம் தொடை வழியாக ஒயர் விட்டு ரத்தக் குழாய்களைப் படம் பிடித்தார்களே, அதே அறைதான் இது. இந்தத் தடவையும் உள்ளே கொண்டுவந்ததும் தொடையிடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். மறுபடி ஒரு படம் எடுத்துவிட்டு, அப்புறம் ஆப்பரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள் என்று இசக்கியப்பன் தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். காலையில் டாக்டர் படம் வரைந்து எல்லாவற்றையும் விளக்க வந்தபோது, முதல் வரியிலேயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டவர் அவர். "எதுன்னாலும் எம்மவன் முருகன்கிட்ட சொல்லுங்க. அவன் சரின்னா சரி" என்று கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

"எம்புட்டு நேரந்தான் படம் புடிப்பீங்க? நான் இங்கன உசுரக் கையில புடிச்சிக்கிட்டுக் கெடக்கேன். நீங்க என்னன்னா டி.வி.ய விட்டுக் கண்ண எடுக்க மாட்டேங்கியளே!"

"உங்க படந்தான் அண்ணாச்சி ஓடுது. கதாநாயகன் ஆடாம அசையாமக் கெடந்தாத்தான் நல்லா வரும்."

ரீபா சிரித்துவிட்டாள். இசக்கியப்பனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அது பாதியிலேயே நின்றது.

"ஏன் டாக்டரம்மா, நெஞ்செலும்ப ரம்பம் வச்சு அறுப்பாவளாமே? இதயத்த நிப்பாட்டிப்போட்டு மிஷின ஓட விடுவாவளாமே?"

"நெஞ்சத் தெறந்து செஞ்சா அப்படித்தான். அதுலயும் நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேரு நல்லபடியா வீட்டுக்குப் போறாங்க."

"மிச்சம் அஞ்சு பேருல ஒருத்தன்தான் எங்கண்ணன்."

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ரீபாவுக்குக் கை காட்டினார்.

"அண்ணாச்சி, இப்பக் கொஞ்சம் தலை சுத்தும். பயப்படாதீங்க" என்றார் டாக்டர். அவர் குரலில் அதுவரை இருந்த விளையாட்டு இல்லை.

திடீரென்று இசக்கியப்பனின் நெஞ்சு தறிகெட்டுப் படபடத்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ராகு வந்துவிட்டான் என்றே நினைத்தார். இசக்கியம்மனைக் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் படபடப்பு அடங்கி, தலை தெளிந்துவிட்டது. ரீபா குனிந்து அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"பாத்தியா தாயி? வெறும் படம் புடிக்கதுக்கே இந்தப் பாடு. ஆப்பரேஷன்னா என்ன பாடோ!"

"பேசாம இருங்க அண்ணாச்சி. நாலரை ஆகட்டும்" என்றாள் ரீபா.

அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நாலு. நாலே கால். இன்றைக்குப் பார்த்து முள் நகரவே மாட்டேன் என்றது. மூச்சு மட்டும் முட்டாமல், இழுத்த இழுப்புக்கு வந்தது. படுத்தே கிடப்பதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒருவழியாக நாலரை ஆனது. இசக்கியப்பன் கைகளைக் கூப்பினார். கண்ணோரம் நீர் வழிந்தது.

"ராகு காலம் போயிட்டு டாக்டரம்மா. எங்கண்ணனுக்குக் கிடைக்காத நல்ல நேரத்த எனக்குக் குடுத்திட்டீங்க. இனி பயமில்ல. தாராளமாத் தொடங்குங்க!"

டாக்டர் விஜயஸ்ரீ முகமூடியைக் கழற்றிவிட்டு, அவர் தோளைத் தட்டினார்.

"எதத் தொடங்க அண்ணாச்சி? சொன்ன சொல்லு மாறாம மூணு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையிலேயே தொடங்கிட்டேன். நெஞ்சத் தொடவே இல்ல, தொடை வழியாவே வால்வக் கொண்டுபோயி வச்சாச்சு. உங்க புது வால்வு முக்கா மணி நேரமா ஓடிக்கிட்டிருக்கு!"