சுவர் தெரியுதா?

"கையெழுத்துப் போடாதீங்க டாக்டர். இன்னும் வெட்டணும்."

டாக்டரம்மாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. சொன்னவர் லேப் டெக்னீஷியன். மெழுகில் பதித்த சதைத் துணுக்கை ஏடு ஏடாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி மைக்ராஸ்கோப்புக்கு அனுப்புகிறவர். லேசில் வாய் திறக்க மாட்டார். அங்கே அவருக்குப் பெயரே கல்லுளிமங்கன்.

"சர்ஜன் மூணு தடவை போன் பண்ணிட்டார். நாளைக்குக் காலைல அந்தப் பொண்ணோட விரலை எடுக்கறதா, வேண்டாமான்னு தெரியணுமாம். இருபத்து நாலு வயசு. வலது கை."

"இருக்கட்டும்."

"எனக்கென்னமோ இது சாதாக் கட்டின்னுதான் தோணுது. ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு, அதைச் சரிபண்ண உடம்பே வளர்த்துக்கிட்ட சதை. பார்க்கத்தான் புத்துநோய் மாதிரி மிரட்டும்."

"குழாயோட சுவர் தெரியுதா?"

தெரியவில்லை. அதுதான் சிக்கல். வளர்ச்சி சுவருக்குள்ளேயே அடங்கியிருந்தால் பயமில்லை. சுவரை உடைத்துக்கொண்டு வெளியே பரவியிருந்தால் வேறு கதை. இந்த ஸ்லைடிலோ சுவரே விழவில்லை.

"பாவங்க, சின்னப் பொண்ணு!"

"பாவம் பார்த்து எழுதற ரிப்போர்ட்டா இது? உள்ளதை எழுதுங்க. புத்துநோய்னா புத்துநோய்னு எழுதுங்க."

"நெஞ்சுல ஈரம்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?"

அவர் மெழுகுக் கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அடிப்பக்கம் வெளேர்னு ஒரு விளிம்பு தெரியுது. மெழுகை உருக்கித் திருப்பி வெச்சு வெட்டறேன்."

சாப்பாட்டு நேரம் போயே போயிற்று. மனுஷன் கத்தியை விட்டு நிமிரவில்லை. ஸ்லைடு மேல் ஸ்லைடாக வந்துகொண்டே இருந்தது. அந்தப் பிடிவாதம் டாக்டரம்மாவையும் தொற்றிக்கொண்டது.

"இதுலயும் இல்ல. இன்னும் உள்ள போங்க!"

சர்ஜன் மறுபடி அழைத்தார். "காத்திருக்கச் சொல்லுங்க, எடுத்துட்டா விரல் என்ன திரும்ப முளைக்குமா?" என்று போனை எடுத்த நர்ஸிடம் பொரிந்தார் டாக்டரம்மா.

பதினோராவது ஸ்லைடு.

நடுவில் அந்த வளர்ச்சி. சுற்றிலும் முழு வட்டமாகக் குழாயின் சுவர். ஓர் இடத்தில்கூட உடையவில்லை. செல்களும் ஒற்றை வரிசையில் ஒழுங்காக இருந்தன. மூன்று முறை பார்த்தார்.

"அப்பாடா! புத்துநோய் இல்லவே இல்ல. விரல் தப்பிச்சுது!"

கல்லுளிமங்கன் சிரிக்கக்கூட இல்லை. "நிச்சயமா டாக்டர்?"

"நூத்துக்கு நூறு."

"அப்ப கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, கழுவ வேண்டிய தட்டுகளை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டார்.

'சரியான ஜடம்!' என்று முணுமுணுத்தபடி கையெழுத்திட்டு, சர்ஜனுக்கும் தகவல் சொன்னார் டாக்டரம்மா. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டில் யாருக்காவது ஒரு வாய் சோறு இறங்கியிருக்குமா? நாமே சொல்லிவிடலாமே!

படிவத்தில், பெண்ணின் பெயருக்குக் கீழே ஒரு போன் நம்பர் இருந்தது. மேஜை போனை இழுத்து, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

பக்கத்து அறையில் மணி அடித்தது.

குழாய்த் தண்ணீர் நின்றது. போனை எடுத்த குரல், இரண்டு தடவை தொண்டையைச் செருமியும் சரியாக எழும்பவில்லை.

"சொல்லுங்க டாக்டர்... அவ அப்பாதான் பேசறேன்."